வலம் செய்தால் இடம்: தாமிரபரணிக் கரை ஆட்டங்களில் சமச்சீரும் பாணியும்

பரதநாட்டிய வகுப்பில் சேரும் குழந்தை முதலில் வலக்காலைத் தட்டக் கற்கிறது. அடுத்த நொடியே அதை இடக்காலால் தட்டச் சொல்கிறார் ஆசிரியர். தட்டடவில் தொடங்கும் இந்த வழக்கம் நாட்டடவு, மெட்டடவு, கோர்வை என்று மேலே போகப் போகத் தளர்வதில்லை. வலப்பக்கம் ஒன்றைச் செய்தால் இடப்பக்கமும் செய்து முடிக்க வேண்டும். திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் மாலை வேளைகளில் பிள்ளைகள் இப்படித்தான் ஆடிப் பழகுகிறார்கள். அதே தாமிரபரணி ஆற்றங்கரையில் ஓர் அம்மன் கோயில் கொடைவிழாவில் கரகம் ஆடும் பெண்ணுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இடுப்பை வலப்பக்கம் நாலு தரம் வெட்டியவர், தவில்காரர் ஒரு உருட்டுக் கொடுத்ததும் அதை விட்டுவிட்டுச் சுழலத் தொடங்குகிறார். இடப்பக்கத்துக் கணக்கை யாரும் கேட்பதில்லை. இன்னும் சற்றுத் தள்ளிச் சுடலைமாடன் கோயிலின் கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல்கருவி முழங்க ஆடும் இருவர், ஒருவரையொருவர் பிரதி செய்யாமலே இரவு முழுவதும் சேர்ந்து ஆடுகிறார்கள்.

இவை மூன்றும் ஒரே பள்ளத்தாக்கின் ஆட்டங்கள். ஒன்றில் சமச்சீர் விதியாக இருக்கிறது, மற்ற இரண்டில் அப்படி இல்லை. சமச்சீரான ஆட்டம் வளர்ந்தது, மற்றவை வளராதவை என்று பலர் மேடையேறிப் பேசக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஏற்கவில்லை. ஆடல் சமச்சீரை நாடுவது உடம்பின் இயல்பால் மட்டும் நேர்வதில்லை. எங்கே ஆடுகிறோம், யார் எந்தப் பக்கமிருந்து பார்க்கிறார்கள், எப்படிக் கற்றுக்கொடுக்கிறோம் என்பவற்றால்தான் பெரும்பாலும் நேர்கிறது. ஒரு பாணியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதும், அது எந்த இடத்தில் சமத்தைக் குலைக்கிறது என்பதே. இந்த வாதத்தைக் கோயில் சிற்பம், ஏடு, வகுப்பறை, கொடைத்திடல் என்று வரிசையாக வைத்துப் பார்க்கலாம்.

சிவன் ஆடிய ஐந்து சபைகளில் இரண்டு இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. நெல்லையப்பர் கோயிலில் தாமிர சபை, சிற்றாறு இறங்கி வரும் குற்றாலத்தில் சித்திர சபை. தாமிர சபை மரச் செதுக்கல் நிறைந்த மண்டபம். சித்திர சபையில் ஆடல்வல்லான் சுவரோவியமாகவே வணங்கப்படுகிறார். இவை போக, ராஜவல்லிபுரத்தை அடுத்த செப்பறை, கட்டாரிமங்கலம், கரிசூழ்ந்தமங்கலம், கருவேலங்குளம் ஆகிய ஊர்களின் நடராசர் திருமேனிகள் ஒரே சிற்பியின் கையில் பிறந்தவை என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. தலக் கதையை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் பாருங்கள். வலக்கால் முயலகன் மேல் ஊன்றியிருக்கிறது. இடக்கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கமாகத் தூக்கியிருக்கிறது. முன் இடக்கையும் அதே திசையில் மார்பைக் குறுக்கே கடந்து தொங்குகிறது. பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ. காதணிகள்கூட இரண்டும் வேறு வேறு. வலக்காதில் மகர குண்டலம், இடக்காதில் தோடு. தமிழ்நாட்டின் ஆடலுக்கெல்லாம் தலைமை வடிவம் என்று நாம் கொண்டாடும் இந்த உருவத்தில் இடமும் வலமும் ஒத்துப்போகும் இடம் முகம் ஒன்றுதான். சுற்றியுள்ள திருவாசி வட்டம் முழுச் சமச்சீராக நிற்பதால்தான் உள்ளே நடக்கும் சாய்வு கண்ணில் அறைகிறது.

மதுரை வெள்ளியம்பலத்தில் இதே வடிவம் கால் மாறி நிற்கிறது. அங்கே இடக்கால் ஊன்றி, வலக்கால் தூக்கி ஆடுகிறார் இறைவன். காரணம் சொல்லும் திருவிளையாடற் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அறுபத்துமூன்று கலைகளையும் கற்ற பாண்டியன், மிச்சமிருந்த பரதத்தையும் கற்கிறான். கற்கும்போது உடம்பு நோகிறது. தனக்கே இப்படி வலிக்கிறதென்றால் ஓயாமல் ஒரே காலில் நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று உருகி, காலை மாற்றி ஆடும்படி வேண்டுகிறான். ஆடல் பயிலும் ஒவ்வொருவருக்கும் இந்தக் கவலை தெரியும். ஊன்றிய காலில் முழங்கால், இடுப்புப் பூட்டு, கணுக்கால் மூன்றும் எடையைத் தாங்குகின்றன. தூக்கிய காலில் வேறு தசைகள் உழைக்கின்றன. ஒரே பக்கம் பயின்றால் ஒரு பக்கம் தேயும். அடவைக் கால் மாற்றிச் செய்யச் சொல்லும் ஆசிரியரின் கண்டிப்புக்குப் பின்னால் இருக்கும் நியாயம் இதுவே. அழகுக்கும் முன்னால் வருவது உடம்பின் பாதுகாப்பு. ஆனால் பாண்டியன் கேட்டதையும் கவனிக்க வேண்டும். இரண்டு காலிலும் மாறி மாறி ஆடு என்று அவன் கேட்கவில்லை. மதுரைக்கு வலக்கால், தில்லைக்கு இடக்கால் என்று ஊருக்கொரு பாணி உண்டானதோடு கதை முடிகிறது.

கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலும் இதற்குச் சாட்சி. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் சிறு பயணம். மதுரை நாயக்கர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கோயில் அது. தூண் வரிசைகளின் அமைப்பு எவ்வளவு ஒழுங்கோ, தூணில் நிற்கும் உருவங்கள் அவ்வளவு வளைவு. அன்னத்தின் மேல் ரதி, கரும்பு வில்லேந்திய மன்மதன், இளவரசியைத் தூக்கிப்போகும் குறவன், இளவரசனைத் தூக்கிப்போகும் குறத்தி என எல்லோரும் கழுத்து, இடை, முழங்கால் என்று மூன்று இடத்தில் உடலை முறித்து நிற்கிறார்கள். தோள் ஒரு பக்கம் சரிந்தால் இடுப்பு மறுபக்கம் எழும்புகிறது. எடை சரியாக ஒரு காலின் மேல் விழுகிறது. இடமும் வலமும் ஒத்திருக்காமலே உடம்பு சாயாமல் நிற்க முடியும் என்பதைக் கல்லில் காட்டிய வேலை இது. சமநிலை வேறு, சமச்சீர் வேறு என்று விளக்க வேண்டிய ஆடல் ஆசிரியர் எவரும் மாணவர்களை ஒருமுறை கிருஷ்ணாபுரத்துக்கு அழைத்துப் போகலாம். குறவன் பெண்ணைத் தூக்குகிறான், குறத்தி ஆணைத் தூக்குகிறாள் என்று கருவில் ஒரு பிரதிபலிப்பு வைத்து, நிலையில் பிரதிபலிப்பைத் தவிர்த்திருப்பது அந்தச் சிற்பிகளின் தேர்ச்சி.

ஏட்டுச் சான்றைப் பார்த்தால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்று அளந்து கட்டிய அரங்கில் மாதவி வலக்காலை முன்வைத்து ஏறுகிறாள். வலத்தூணின் அருகே நிற்கிறாள். ஆடி மூத்த தோரிய மகளிர் இடத்தூணின் பக்கம் நிற்கிறார்கள். மேடை ஒழுங்கான செவ்வகம், ஆனால் அதில் நிற்கும் முறை பக்கம் பார்த்தது. வலம் மங்கலம் என்ற நம்பிக்கை அங்கே ஆடலுக்கும் வந்துவிட்டது. இன்றும் அடவு வலப்பக்கமே தொடங்குகிறது. இடப்பக்கம் பிறகு வருகிறது. முழுச் சமச்சீர் என்று நாம் சொல்லும் பரதநாட்டியத்திலும் யார் முதல் என்ற கேள்விக்கு ஒரே பதில்தான்.

பரதத்தின் சமச்சீரை இன்னும் நெருங்கிப் பார்த்தால் அது எங்கே உடைகிறது என்பது புரியும். அலாரிப்பு முழுக்க இரட்டை. கண் வலம் போனால் இடம் வரும், கழுத்தும் தோளும் அப்படியே. அரைமண்டியில் இரண்டு முழங்காலும் ஒரே அளவு விலகி நிற்க, உடம்பு நடுக்கோட்டின் இரு புறமும் ஒத்த முக்கோணங்களாகிறது. ஆனால் தீர்மானம் வந்ததும் கணக்கு மாறுகிறது. தீர்மானங்கள் பெரும்பாலும் மும்முறை வரும். வலம், இடம், மறுபடி வலம் என்று ஆடினால் இடப்பக்கத்துக்கு ஒன்று குறைவு. தாளமும் தன் பங்குக்குத் தொந்தரவு தரும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் கால் மாறி மாறித் தட்டினால் ஒவ்வொரு ஆவர்த்தமும் வலக்காலிலேயே தொடங்கும். மிச்ர சாபுவில் ஏழு. எண்ணுக்கொரு தட்டு என்று வலக்காலில் தொடங்கியவர் அடுத்த ஆவர்த்தத்தை இடக்காலில்தான் எடுக்க வேண்டிவரும். இரண்டு ஆவர்த்தம் முடிந்தால்தான் கால் பழைய நிலைக்குத் திரும்பும். கண்ட சாபுவின் ஐந்திலும் இதே கதை. ஒற்றைப்படைத் தாளங்கள் உடம்பின் இரட்டைப்படை அமைப்போடு மோதும் இந்த இடம்தான் நட்டுவனாரின் கற்பனைக்கு விளைநிலம். ஒரு தட்டைக் கூட்டுவதா, ஒரு குதிப்பில் இரு காலையும் சேர்ப்பதா, அப்படியே விட்டு இரண்டாம் ஆவர்த்தத்தில் ஈடுகட்டுவதா என்பதை ஆசானுக்கு ஆசான் வேறு விதமாகத் தீர்த்தார்கள்.

பாணிகளின் வேறுபாடும் இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரிகிறது. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1869–1954) வழியில் கோடு நேராக ஓடும், அடவு அழுத்தமாக விழும். வழுவூர் ராமையா பிள்ளை (1910–1991) வழியில் இடையும் கழுத்தும் அதிகம் வளையும், சிற்ப நிலைகள் வந்து வந்து நிற்கும், தாவல்கள் உண்டு. பந்தநல்லூர் ஆசானிடம் கற்ற ருக்மிணி தேவி 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் இந்தக் கோடு இன்னும் கூர்மையானது. கை நீளும் உயரம், அரைமண்டியின் ஆழம், பத்துப் பேர் ஆடினாலும் ஒரே கோணம் என்ற கண்டிப்பு எல்லாம் அங்கே வளர்ந்தன. பாலசரஸ்வதியின் (1918–1984) ஆட்டத்தைப் பார்த்தவர்கள் போற்றுவது வேறொன்றை. பதத்தில் ஒரே வரியை வெவ்வேறு விதமாக விரிக்கும்போது எந்தப் பக்கம் எத்தனை முறை என்ற கணக்கே அங்கில்லை. சமச்சீர் என்ற ஒற்றைக் கோலை வைத்து அளந்தால் கலாக்ஷேத்ரா முதலிடம் பெறும், பாலா கடைசியில் நிற்பார். அந்தக் கோல் தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மேடை அமைப்பில் நடந்த ஒரு மாற்றத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பரதநாட்டியம் சதிர் என்று அழைக்கப்பட்ட நாட்களில் நட்டுவனாரும் மிருதங்கக்காரரும் ஆடுபவரின் பின்னால் நின்று, அவர் நகர நகரத் தாங்களும் நகர்ந்தார்கள். ருக்மிணி தேவி அவர்களை மேடையின் ஒரு பக்கமாக உட்கார வைத்தார். ஆடுபவரின் பின்புறம் வெறுமையானது. முன்னால் இருட்டில் வரிசையாக உட்கார்ந்த ரசிகர்கள். ஒரே திசையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இடமும் வலமும் சட்டமிட்ட படம்போல் தெரியும், ஒரு பக்கம் குறைந்தால் உடனே உறுத்தும். வட்டமாகச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்துக்கு இந்த உறுத்தல் கிடையாது. என் வலம் உனக்கு இடம், எதிரே நிற்பவருக்கு அதுவே முதுகு.

கரகாட்டத்துக்கு வருவோம். மாதவி ஆடிய பதினோராடலில் திருமால் ஆடிய குடக்கூத்து ஒன்று. கரகத்தின் மூதாதை அதுவே என்று ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொடர்ச்சி எப்படியிருந்தாலும், இன்று நாம் பார்ப்பது இரண்டு வகை. நீரும் வேப்பிலையும் பூவும் கொண்டு சாமிக்காக எடுக்கும் சக்திக் கரகம் ஒன்று. கிளி சூடிய அலங்காரக் குடத்தோடு கூட்டத்துக்காக ஆடும் ஆட்டக் கரகம் மற்றொன்று. பின்னதற்கு நையாண்டி மேளம் துணை: நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம். இந்தக் கருவிகளிலேயே சமச்சீர் இல்லை. தவிலின் வலந்தலையை விரல்களில் கூடு மாட்டிய கை அடிக்கிறது, தொப்பியைக் குச்சி அடிக்கிறது. ஒரு பக்கம் சிதறும் ஒலி, மறுபக்கம் இடிக்கும் ஒலி. பொதுவாக இடிக்குக் கால் தரையில் அழுந்துகிறது, சிதறலுக்கு இடுப்பும் தோளும் பதில் சொல்கின்றன. இருவேறு ஒலி கொண்ட மேளத்துக்கு இருபுறமும் ஒரே அசைவு பொருந்தாமல் போவதில் வியப்பில்லை.

தலையில் ஒட்டாத குடம் விழாமல் இருப்பது எப்படி? குடத்தின் எடை எப்போதும் ஊன்றிய பாதத்துக்கு நேர்மேலே இருக்க வேண்டும். இடுப்பு வலப்பக்கம் போனால் விலாக்கூடு அதே நேரத்தில் இடப்பக்கம் நகர்கிறது. கழுத்து இரண்டையும் கணக்கில் எடுத்து நடுவில் நிற்கிறது. முழங்கால் மடங்கி மேடுபள்ளத்தை விழுங்குகிறது. கீழே எவ்வளவு ஆட்டமோ மேலே அவ்வளவு அமைதி. சமச்சீர் இங்கே காலப்போக்கில், ஒரு பக்கத்துக்குப் பிறகு மறுபக்கம் என்று வருவதில்லை. ஒரே கணத்தில், உடம்பின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் இடையே தீர்கிறது. கரகத்தை ஒழுங்கில்லாத ஆட்டம் என்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். அதன் ஒழுங்கு இடவலத்தில் இல்லாமல் மேல்கீழில் இருக்கிறது. ஏணியில் ஏறும்போதும், பின்னால் வளைந்து கண்ணிமையால் ஊசி எடுக்கும்போதும் அந்த ஒழுங்கு ஒரு விரற்கடை பிசகினால் குடம் தரையில். இதைவிடக் கறாரான நடுவர் எந்த அரங்கத்திலும் இல்லை.

கரகத்தின் இடுப்பசைவைப் பேசினால் எகிப்தையும் துருக்கியையும் விட்டுவிட முடியாது. பெல்லி டான்ஸ் என்று உலகம் அழைக்கும் ஆட்டத்துக்கு அரபு மொழியில் ரக்ஸ் ஷர்க்கி என்று பெயர். அதன் அடிப்படை, உடம்பின் ஒரு பகுதியைத் தனியே ஆடவிட்டு மற்றதை நிறுத்தி வைப்பது. கெய்ரோவில் திருமண ஊர்வலத்துக்கு முன்னால் தலையில் எரியும் மெழுகுவர்த்திக் கொத்தை வைத்துக்கொண்டு இடுப்பால் ஆடும் வழக்கம் உண்டு, ஷமதான் என்பார்கள். கரகம் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது அந்நியமாகப் படாது. இரண்டுக்கும் வரலாற்று உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. தலையில் சுமை, இடுப்பில் ஆட்டம் என்று வைத்தால் உடம்பு கண்டுபிடிக்கும் விடை ஒன்றுபோல் அமைகிறது, அவ்வளவே.

பெல்லி டான்ஸ் பாணிகளுக்குள் உள்ள வேறுபாடு நம் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது. எகிப்தியப் பாணி தரையோடு ஒட்டியது, அசைவு சிறியது, இசையின் ஒவ்வொரு நெளிவுக்கும் அந்தக் கணத்தில் பதில் சொல்வது. இடவலக் கணக்கு அதில் இளகியிருக்கும். துருக்கியில் இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணும் ஒன்பது மாத்திரைத் தாளம் உண்டு. கடைசி மூன்றில் ஒரு பக்கம் நீளும், நம் சாபு தாளங்கள் போலவே ஆட்டத்தைச் சாய்க்கும். அமெரிக்காவில் 1987இல் கரோலினா நெரிச்சியோ சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழு வழியாக ஒரு கூட்டு ஆட்டப் பாணி வளர்ந்தது. அதில் முன்னேற்பாடு இல்லாமல் எல்லோரும் சேர்ந்து ஆடுவார்கள். முன்வரிசையில் இடக்கோடியில் நிற்பவர் தலைவர், மற்றவர்கள் அவரைப் பார்க்க வசதியாகச் சற்று இடப்பக்கம் திரும்பி நிற்பார்கள். அதனால் பார்வையாளருக்குத் தெரிவது வலது இடுப்பு. எனவே பெரும்பாலான அசைவுகள் வலது இடுப்பிலேயே அமைந்துவிட்டன. அழகியல் கொள்கை எதுவும் இதைத் தீர்மானிக்கவில்லை, யார் யாரைப் பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு தீர்மானித்தது. பாணி பிறக்கும் வழி இவ்வளவு கண்கூடாகத் தெரியும் எடுத்துக்காட்டு அரிது.

கெய்ரோவிலும் மேடைதான் ஆட்டத்தை நேராக்கியது. 1926இல் பதியா மசாப்னி திறந்த அரங்கில் தனி ஆட்டக்காரிக்குப் பின்னால் வரிசை ஆட்டக்காரிகள் வந்தார்கள். 1959இல் மஹ்மூத் ரெடா தொடங்கிய குழு கிராமத்து ஆட்டங்களை வரிசையும் கோணமுமாக அடுக்கி அரங்குக்குக் கொண்டுவந்தது. சென்னையில் கலாக்ஷேத்ரா செய்ததற்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள முடியவில்லை. இரண்டு நாட்டிலும் அதற்கு முன்னாலேயே ஆடும் பெண்களை விரட்டும் காலம் ஒன்று தொடங்கியிருந்தது. 1834இல் எகிப்தை ஆண்ட முகமது அலி கெய்ரோவின் பொது ஆட்டக்காரிகளை நகரைவிட்டு அகற்றினார். பெண் உடையில் ஆண்கள் அந்த இடத்தில் ஆடினார்கள். இங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சதிர் எதிர்ப்பு, 1947 தேவதாசி ஒழிப்புச் சட்டத்தில் முடிந்தது. மானத்தோடு திரும்பி வர விரும்பிய ஆடலுக்கு, ஒழுங்கு ஒரு நற்சான்றிதழாக உதவியிருக்கிறது. நேர்கோடும் சமச்சீரும் கண்ணியமாகவும், இடுப்பின் சாய்வு அதற்கு எதிரானதாகவும் படிக்கப்பட்டன.

கரகத்துக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கவே இல்லை. கொடைகளில் ஆபாசம் என்ற வழக்குகளும் நிபந்தனைகளும் அதைத் தொடர்ந்து வருகின்றன. கரகத்தோடு இணைந்து ஆடப்பட்டுவந்த குறவன் குறத்தி ஆட்டத்தை 2023 மார்ச்சில் தமிழக அரசு தடை செய்தது. குறவர் சமூகத்தின் மானம் அதில் அடங்கியிருந்தது, அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் கொச்சைப் பேச்சையும் இடுப்பசைவையும் ஒன்றாகக் கட்டிப் பழிப்பது வேறு விஷயம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை 1944இல் கலாக்ஷேத்ரா தன் முதல் நாட்டிய நாடகமாக மேடையேற்றியது. அதில் பந்தாடும் வசந்தவல்லிக்கும் குறி சொல்லும் சிங்கிக்கும் உடம்பின் மொழியே வேறு. நாயகியின் நேர்த்தியும் மலைக்குறத்தியின் துள்ளலும் சேர்ந்தால்தான் குறவஞ்சி என்பதை இந்தப் பள்ளத்தாக்கின் கவிஞர் 18ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார். இரண்டில் ஒன்றுக்கு மட்டும் மேடையில் மதிப்பு என்பது பின்னால் வந்த பழக்கம்.

கணியான் கூத்தில்தான் என் வாதத்துக்கு உறுதியான பிடி கிடைக்கிறது. அண்ணாவி நடுவில் நின்று காதருகே கைவைத்துக் கதையைப் பாடுகிறார், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுகிறார். மகுடம் வாசிப்பவர் இருவர், பெண் வேடமிட்டு ஆடும் ஆண்கள் இருவர். வட்டச் சட்டத்தில் தோல் கட்டிய மகுடங்கள் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அடித்தால் ஒன்று உச்சம், மற்றொன்று மந்தம். ஒலியை வேண்டுமென்றே வேறாக வைத்த இரட்டை. ஒன்று கேட்பதற்கு மற்றது பதில் சொல்கிறது, ஒன்று மற்றதைத் திருப்பிச் சொல்வதில்லை. ஆடும் இருவரும் அப்படித்தான். முன்னும் பின்னுமாக நடந்து, சுழன்று, அண்ணாவியின் வரியை வாங்கிக் காலில் காட்டும்போது ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுக்கிறார். இருவரையும் நடுக்கோடு போட்டு மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. பொருந்தினால் கதை அங்கேயே நின்றுவிடும்.

சதிர் இழந்த மேடை ஒழுங்கும் இங்கே உயிரோடு இருக்கிறது. இசைப்பவர்கள் ஆடுபவர்களின் பின்னால் நின்றுதான் வாசிக்கிறார்கள். ஆடுபவர்களின் முன்னால் சாமி. மற்ற பக்கங்களில் ஊர். இருட்டிலிருந்து ஒரே திசையாகப் பார்க்கும் ரசிகர் கிடையாது. அதனால் முன்பக்கம் என்று ஒன்றை வடிவமைக்க வேண்டிய தேவையும் இல்லை. இரவு ஏற ஏறச் சுடலையின் கதை சாமியாடுபவரின் உடம்புக்குள் போகும் கட்டத்தில், மகுடத்தின் வேகம் ஒன்றே ஆட்டத்தை நடத்துகிறது. கைவெட்டுச் சடங்கு வரை போகும் இந்த நிகழ்வைக் கலை என்று மட்டும் பிரித்துப் பேசுவது கடினம். நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலையின் (1917–1980) ஆராய்ச்சி இதழும், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும், அ.கா. பெருமாளின் கள ஆய்வுகளும் இந்த ஆட்டங்களைப் படிப்புக்குரியவை ஆக்கின. ஆனால் அந்த உழைப்பில் பெரும்பகுதி கதைப்பாடலுக்கும் சடங்குக்கும் போனது. கால் எங்கே விழுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் தொடங்குகிறது, எந்த மகுடத்துக்கு எந்த ஆட்டக்காரர் பதில் சொல்கிறார் என்பதெல்லாம் மிகக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

மற்ற ஆட்டங்களைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். கும்மியும் கோலாட்டமும் வட்டம். வட்டத்தில் ஆடுபவருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று இரண்டு பக்கம் உண்டு, அவை ஒருநாளும் சமமாகா. ஒயிலாட்டத்தில் ஆண்கள் வரிசைகட்டிக் கைக்குட்டை வீசுகிறார்கள். நாட்டார் ஆட்டங்களில் அணிவகுப்பின் நேர்த்தி அதிகம் தெரிவது அதில்தான். கிழக்கே தூத்துக்குடி மாவட்டத்துக் கம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டம் பாட்டே இல்லாமல் தேவதுந்துபி மேளத்தின் சொல்லுக்கு ஆடுவது. ஆழ்வார்திருநகரியின் அரையர் சேவை பாசுரத்துக்குக் கை அபிநயம் பிடிக்கும் மரபு, அங்கே கால் கணக்கு முக்கியமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் அடைக்க முடியாது என்பதற்கு இந்தப் பட்டியலே போதும்.

இன்றைக்கு அந்தச் சட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பள்ளி, கல்லூரிப் போட்டிகளைக் கைகாட்டுவேன். ஒரே நிறச் சேலையில் எட்டுப் பிள்ளைகள், தலையில் எடையில்லாத பிளாஸ்டிக் கரகம், வலம் நாலு இடம் நாலு என்று கண்ணாடிபோல் பிரிந்து சேரும் வரிசைகள். ஒருங்கிணைவுக்குத் தனி மதிப்பெண் தரும் நடுவர்களுக்கு அதுதான் நல்ல கரகம். பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். குடத்தில் எடை இருந்தால் அவர்களும் அப்படி ஆட முடியாது, உடம்பு தானே மேல்கீழ்க் கணக்குக்கு வந்துவிடும். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் போன்ற விழாக்கள் இந்தக் கலைஞர்களுக்கு வருமானமும் பெயரும் தந்தன, அது பெரிய காரியம். ஆனால் ஒரு குழுவுக்குச் சில நிமிடம், முன்னால் மட்டும் ஒலிவாங்கி, முன்னால் மட்டும் கேமரா என்ற மேடையில் கணியான் கூத்துக் குழுவும் முன்பக்கம் பார்த்து வரிசையாக நிற்கக் கற்றுக்கொண்டுவிடும். ஒரு தலைமுறைக்குள் அதுவே மரபு என்று பதிவாகும்.

பயிற்சியில் இருபக்கமும் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரகம் ஆடுபவர்களில் பலர் நடுவயதிலேயே இடுப்பு, முழங்கால் வலியோடு ஆட்டத்தை நிறுத்துகிறார்கள். திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் பரதம் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் இடவலப் பயிற்சி கரகம் பழகும் பிள்ளைக்கும் கிடைத்தால் அந்த உடம்பு இன்னும் பத்து வருடம் தாங்கும். ஆட்டத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு என்பதைத் தவிலும் குடமும் கூட்டமும் முடிவு செய்யட்டும்.

பதிவு செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட ஆடற்குறியீட்டு முறையில் நெட்டுக்குத்தாக ஒரு நடுக்கோடு ஓடும். அதன் இடப்புறம் உடம்பின் இடப்பாதி, வலப்புறம் வலப்பாதி. கணியான் கூத்தின் ஓர் இரவை இந்த முறையில் எழுதத் தொடங்கினால் இரண்டு ஆட்டக்காரருக்கும் தனித்தனி ஏடு வேண்டும், நடுவே மகுடங்கள் இரண்டுக்கும் தனித்தனி வரி வேண்டும். கேமரா சாமியின் பக்கமிருந்து ஒன்று, மகுடக்காரர் பின்னாலிருந்து ஒன்று, ஊர் நிற்கும் இரு பக்கமும் ஒவ்வொன்று என்று குறைந்தது நாலு வேண்டும். அண்ணாவிகள் இருக்கும்போதே, அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த அடி எதற்காக அந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டு எழுத வேண்டும். பாளையங்கோட்டையில் அந்தப் படிப்புக்கு ஆள் உண்டு, ஆற்றின் இரு கரையிலும் கொடை இன்னும் நடக்கிறது. அடுத்த கொடைக்கே தொடங்கலாம்.